அரசு அலுவலகத்தில் சூழலுக்குக் கேடில்லாமல் பொருள் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குண்டூசியிலிருந்து பேருந்து வரை அரசு வாங்காத பொருள் இல்லை. அதை எப்படி வாங்குகிறது என்பதில் மின்சாரம், மரம், குப்பை, காற்று எல்லாம் அடங்கியிருக்கின்றன. கொள்முதல் கோப்பைப் பார்க்கிற எழுத்தர், கண்காணிப்பாளர், உதவிப் பொறியாளர், தலைமையாசிரியர், ஊராட்சிச் செயலர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. பெரும்பாலும் தமிழ்நாட்டு நடைமுறை, தேவையான இடங்களில் மத்திய அரசு விதிகள்.

ஒரு அலுவலகம் நாலு ஃபேனை மாற்றி வாங்குவதால் என்ன ஆகிவிடப் போகிறது?

நாலு ஃபேனால் பெரிதாக ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அதே நாலு ஃபேனை எல்லா அலுவலகங்களும் ஒரே மாதிரி கேட்க ஆரம்பித்தால் சந்தையே திரும்பும். இதற்கு நம் கண் முன்னால் நடந்த சாட்சி எல்இடி பல்பு. 2014 தொடக்கத்தில் மின் சிக்கனத் திட்டங்களை நடத்தும் மத்திய அரசின் ஈஈஎஸ்எல் நிறுவனம் மொத்தமாக வாங்கியபோது ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். 2015 ஜனவரியில் வீடுகளுக்கு மலிவு விலையில் எல்இடி பல்பு தரும் உஜாலா திட்டம் தொடங்கி, கோடிக்கணக்கில் வாங்குவதாக உறுதி கொடுத்து டெண்டர் மேல் டெண்டராகப் போட்டதில், 2016-இல் அது 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. பல்பு செய்யும் கம்பெனிகளுக்கு யாரும் புத்திமதி சொல்லவில்லை. இந்தத் தரத்தில், இத்தனை எண்ணிக்கையில் எடுத்துக்கொள்கிறோம் என்று அரசு சொன்னது, அவ்வளவுதான். இன்று கிராமத்துப் பெட்டிக்கடையில் குண்டு பல்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சட்டமே எல்-ஒன்னுக்கு, அதாவது மிகக் குறைந்த விலை குறிப்பிட்டவருக்குத்தான், கொடுக்கச் சொல்கிறதே, அப்புறம் எப்படி விலை கூடிய பொருளை வாங்குவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-ஐ எடுத்து 10-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் எது குறைந்தது என்பதை, டெண்டர் ஆவணத்திலேயே சொல்லப்பட்ட, அளந்து பார்க்கக்கூடிய காரணிகளை வைத்து, அவற்றுக்குரிய மதிப்பையும் கொடுத்துக் கணக்கிட வேண்டும் என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. ஒட்டியிருக்கிற விலைச்சீட்டை மட்டும் பார் என்று அது எங்கும் சொல்லவில்லை.

ஆக, பத்து வருடத்துக்கு அந்தப் பொருள் இழுக்கும் மின்சாரத்தையும் பராமரிப்பையும் சேர்த்து மொத்தச் செலவைக் கணக்கிட்டு ஒப்பிடுவோம் என்று டெண்டரில் முன்கூட்டியே எழுதி, எப்படிக் கணக்கிடுவீர்கள் என்ற சூத்திரத்தையும் கொடுத்துவிட்டால், அந்தக் கணக்கில் யார் குறைவோ அவர்தான் எல்-ஒன். டெண்டரைத் திறந்த பிறகு, இந்தக் கம்பெனியின் பொருள் சூழலுக்கு நல்லது என்று சொல்லி மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. எல்லா முடிவும் விவரக்குறிப்பை (ஸ்பெசிஃபிகேஷன்) எழுதுகிற அந்த ஒரு வாரத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. போன வருடத்து ஸ்பெசிஃபிகேஷனை அப்படியே நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றினால், போன வருடத்துப் பொருள்தான் வரும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?

ஃபேனையே எடுத்துக்கொள்வோம். பல அரசுக் கட்டடங்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு மின் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் குறியீடு கட்டாயம் என்பதால் புதிதாக வருபவை அதைவிடக் குறைவாகத்தான் எடுக்கின்றன. பிஎல்டிசி என்ற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த 5 ஸ்டார் ஃபேன் 30 வாட்டை ஒட்டி நிற்கும்.

டெண்டரில் இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 50 வாட் ஃபேனை 1,600 ரூபாய்க்குத் தருகிறார், இன்னொருவர் 30 வாட் ஃபேனை 2,800 ரூபாய்க்கு. விலையை மட்டும் பார்த்தால் முதலாமவர். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள், ஆக 2,400 மணி நேரம். முதல் ஃபேன் வருடத்துக்கு 120 யூனிட், இரண்டாவது 72 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் பத்து வருடத்தில் முதல் ஃபேனுக்கு மின்சாரம் 9,600 ரூபாய், இரண்டாவதற்கு 5,760. விலையையும் சேர்த்தால் முதலாவது 11,200, இரண்டாவது 8,560. விலை கூடியதாகத் தெரிந்ததுதான் உண்மையில் மலிவு, ஒரு ஃபேனுக்கு 2,640 ரூபாய் வித்தியாசம்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வருடத்தில் சில நாள் மட்டும் திறக்கிற கூட்ட அரங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே சாதாரண ஃபேனே போதும். அடுத்தது, பிஎல்டிசி ஃபேனில் மோட்டாரைவிட உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டுதான் முதலில் மக்கர் செய்யும். அதனால் போர்டுக்கும் சேர்த்து வாரண்டி, உள்ளூரிலேயே சர்வீஸ் என்பதை டெண்டரில் எழுதியே ஆக வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது வருடம் ஃபேன் நின்று, மறுபடி பழைய ரகத்தையே வாங்கி மாட்டுவார்கள்.

ஆடிட்டில் மாட்டிக்கொண்டால்?

இந்தப் பயம் நியாயமானது. "குறைந்த விலைக்குக் கிடைத்தும் ஏன் வாங்கவில்லை" என்று தணிக்கைக் குறிப்பு வந்தால், ஓய்வு பெற்ற பிறகும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். எத்தனையோ நல்ல எண்ணங்கள் இந்த ஒரு காரணத்தால் கோப்பிலேயே நின்றுபோகின்றன.

காப்பு என்பது எழுத்துதான். தேவை என்ன, எத்தனை மணி நேரம் ஓடும், மின் கட்டணம் என்ன விகிதம், அந்த விகிதத்தை எங்கிருந்து எடுத்தீர்கள், கணக்கு எப்படி வந்தது என்று ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி, டெண்டர் விடுவதற்கு முன்பே ஒப்புதல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பிராண்டு பெயரை எழுதாதீர்கள், ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி அளவுகளையும் எழுதாதீர்கள். இத்தனை வாட்டுக்குள் இவ்வளவு காற்று தர வேண்டும் என்று செயல்திறனை எழுதுங்கள். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் சப்ளையர்கள் எழுப்புகிற ஆட்சேபணைக்கு எழுத்தில் பதில் கொடுங்கள்.

மத்திய அரசு அலுவலகம் என்றால் வேலை இன்னும் சுலபம். 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளிலேயே, அறிவிக்கப்பட்ட மின்சாதனங்களைக் குறிப்பிட்ட ஸ்டார் தரத்துக்குக் குறையாமல்தான் வாங்க வேண்டும் என்று இருக்கிறது.

வாங்காமலே இருக்கலாமா?

இருக்கலாம். கோப்பில் முதலில் வர வேண்டிய கேள்வியே இதுதான். பழைய மர நாற்காலிக்கு ஒயர் பின்னினால் இன்னும் பத்து வருடம் உழைக்கும். பக்கத்துப் பிரிவில் பூட்டிக் கிடக்கிற பீரோவை இடம் மாற்றினால் புதிது தேவைப்படாது. ஒரு தளத்துக்கு ஒரு பெரிய பிரிண்டர் போதும்போது மேசைக்கு மேசை சின்னப் பிரிண்டர் வாங்கி, அதற்கு டோனர் வாங்கியே நிதியைக் கரைக்கிறார்கள்.

இதற்குப் பெரிய எதிரி மார்ச் மாதம். நிதியைத் திருப்பி ஒப்படைத்தால் அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள் என்று கடைசி பத்து நாளில் கிடைத்ததையெல்லாம் வாங்குவது பல அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த அவசரத்தில் எந்த ஸ்டாரையும் யாரும் பார்க்க முடியாது. ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தேவைப் பட்டியலைத் தயார் செய்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

பொருளில் போட்டிருக்கிற எந்த முத்திரையை நம்பலாம்?

மின்சாதனத்துக்கு எரிசக்தித் திறன் செயலகத்தின் ஸ்டார் குறியீடு. அதிலும் எந்த ஆண்டுக்கான ஸ்டார் என்று பாருங்கள், ஏனென்றால் அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள், சில வருடத்துக்கு முந்தைய 5 ஸ்டார் இன்றைக்கு 4 அல்லது 3 ஆக இருக்கலாம். குடோனில் கிடக்கும் பழைய சரக்கை அரசு அலுவலகத்தில் தள்ளிவிடுவதற்கு இந்த இடைவெளிதான் வசதி.

மண்பானைச் சின்னம் போட்ட ஈகோமார்க் என்று ஒன்று 1991-லிருந்தே இருக்கிறது. சோப்பு, காகிதம், பெயிண்ட் என்று பல பொருளுக்கும் அளவுகோல் வகுத்தும் அது மக்களிடம் போய்ச் சேரவில்லை, அரசே அதைக் கேட்டு வாங்காதபோது கம்பெனிகள் ஏன் செலவு செய்து முத்திரை வாங்கப் போகின்றன? 2024-இல் புதிய ஈகோமார்க் விதிகள் வந்திருக்கின்றன. இந்த முறையாவது டெண்டர்களில் அது இடம்பிடித்தால்தான் உயிர் பெறும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

நம்பக்கூடாதவை: "ஈகோ ஃப்ரெண்ட்லி", "நேச்சுரல்", "100% பயோ" என்று பச்சை எழுத்தில் அச்சடித்தவை. மக்கும் பிளாஸ்டிக் பை என்று யாராவது கொண்டுவந்தால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழைக் கேளுங்கள். அந்தச் சான்று இருந்தாலும் அது தொழில்முறை உரக்கூடத்துச் சூட்டில் மக்குவதற்கான சான்றுதான், அலுவலகத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் போட்டால் அப்படியே கிடக்கும்.

காகிதத்தில் என்ன செய்ய முடியும்?

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1979-இல் தொடங்கப்பட்டு 1984-இல் உற்பத்திக்கு வந்த டிஎன்பிஎல், கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துக் காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் கொதிகலனில் எரித்துவந்தன. அவற்றுக்கு மாற்று எரிபொருளுக்கு வழி செய்து கொடுத்து, சக்கையை வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு செய்தார்கள். பதிலுக்கு நிலக்கரி எரிகிறது என்றால் அதிலும் புகை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மரக்கூழின் தேவை பெருமளவு குறைகிறது. சொந்த மாநிலத்தில் அரசு நிறுவனமே இதைச் செய்யும்போது தூரத்திலிருந்து வரும் மரக்கூழ்க் காகிதத்தை வாங்குவதற்குக் காரணமே இல்லை.

ஆனால் எந்தக் காகிதத்தை வாங்கினாலும், ஒரே உத்தரவை முப்பது பேருக்கு ஒருபக்க நகலாக அனுப்பினால் பிரயோஜனம் இல்லை. பிரிண்டரிலேயே இரண்டு பக்கமும் அச்சாகும்படி அமைத்துவிடுங்கள். புதுப் பிரிண்டர் வாங்கும்போது அந்த வசதி தானாக இயங்க வேண்டும் என்று விவரக்குறிப்பில் சேருங்கள். மின்-அலுவலகம் வந்த பிறகும் கணினியில் பார்த்த கோப்பையே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் போக வேண்டும்.

கூட்டத்துக்கு டீ, தண்ணீர், பேனர் வாங்குவதில் என்ன இருக்கிறது?

இதில் விதிமீறலே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் உண்டு. காகிதக் கப் மீதான தடையை 2023-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. இருந்தும் ஆய்வுக் கூட்டங்களில் அதே கப்பில்தான் டீ வருகிறது, அதுவும் சில சமயம் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றிய கூட்டத்திலேயே வருகிறது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எவர்சில்வர் டம்ளர் ஐம்பது வாங்கினால் பல வருடத்துக்குக் கவலை இல்லை. கழுவ ஆள் இல்லை என்பார்கள். கேண்டீனோடு பேசும்போது டம்ளரையும் அவர்களே கொண்டுவந்து எடுத்துப்போக வேண்டும் என்று சேர்த்துப் பேசுங்கள், சரியாகிவிடும்.

பேனர் விஷயத்தில், 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடையான பொருட்களில் 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனரும் இருக்கிறது. துணி பேனர் வாங்குங்கள், தேதியை மட்டும் தனித் துண்டாக வைத்தால் அடுத்த வருடமும் அதையே கட்டலாம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கும் வழக்கம் வந்தது நல்ல மாற்றம், அந்தப் புத்தகத்தை ஜிகினாத் தாளில் சுற்றாமல் கொடுங்கள். பை தேவையென்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய "மீண்டும் மஞ்சப்பை" துணிப்பை இயக்கம் இருக்கவே இருக்கிறது, மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் தைத்து வாங்கலாம்.

கம்ப்யூட்டர் வாங்கும்போதும் கழிக்கும்போதும்?

வாங்கும்போது பேட்டரியை மாற்ற முடியுமா, மெமரியைக் கூட்ட முடியுமா, உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும், பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று நாலு கேள்வியை விவரக்குறிப்பில் சேர்த்தாலே பெரிய வித்தியாசம் வரும். மூன்று வருட வாரண்டிக்கும் ஐந்து வருட வாரண்டிக்கும் உள்ள வித்தியாசம், ஒரு தலைமுறைக் கணினி முன்கூட்டியே குப்பைக்குப் போகிறதா இல்லையா என்பதுதான்.

கழிக்கும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. கண்டம் செய்த, அதாவது இனி உதவாது என்று ஒதுக்கிய மானிட்டர், சிபியூ, யுபிஎஸ் எல்லாவற்றையும் உடைந்த நாற்காலியோடு ஒரே குவியலாக ஏலம் விட்டு, அதிக விலை கேட்ட பழைய இரும்புக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே செம்புக்காக ஒயரை எரிப்பார்கள், போர்டை ஆசிட்டில் போடுவார்கள், அந்தப் புகையும் ஈயமும் பக்கத்துக் குடியிருப்புக்குத்தான் போகும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, ஒரு நிதியாண்டில் குறைந்தது 1,000 மின், மின்னணுச் சாதனங்களைப் பயன்படுத்தும் அமைப்பு மொத்தப் பயன்பாட்டாளர் என்ற வகையில் வரும், பதிவு பெற்ற நிறுவனத்திடம்தான் கழிவைக் கொடுக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் நாற்பது கணினிதான் இருக்கிறது என்றாலும், ஏல அறிவிப்பில் "பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் மட்டும்" என்று எழுதுவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

வண்டி வாங்குவதில் மின்சார வண்டிக்கு மாறிவிடலாமா?

எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. தினமும் ஊருக்குள்ளேயே ஒரே சுற்றில் ஓடி, இரவு ஒரே இடத்தில் நிற்கிற வண்டிக்கு மின்சாரம் கச்சிதமாகப் பொருந்தும். குப்பை அள்ளும் பேட்டரி வண்டிகள் அதனால்தான் உள்ளாட்சிகளில் நிலைத்துவிட்டன. மலைக் கிராமத்துக்கும் மாவட்ட எல்லைக்கும் நேரங்காலம் இல்லாமல் ஓடும் வண்டிக்கு, சார்ஜ் போட வழியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சென்னையில் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றை மாநகர் போக்குவரத்துக் கழகம் சொந்தமாக வாங்கவில்லை. தனியார் நிறுவனம் பேருந்தைக் கொண்டுவந்து ஓட்டிப் பராமரிக்கிறது, நடத்துநரும் டிக்கெட் வசூலும் கழகத்துடையது, ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம். மின்சாரப் பேருந்தின் முதல் விலைதான் பெரிய தடை, ஓடும் செலவு டீசலைவிடக் குறைவு. கிலோமீட்டருக்கு விலை கேட்கும்போது இரண்டும் ஒரே எண்ணுக்குள் வந்துவிடுகின்றன. வாடகைக் கார் எடுக்கும் அலுவலகங்களும் இதே வழியில் கேட்டுப் பார்க்கலாம்.

சாலை, கட்டடம்?

பணம் அதிகம் புரள்வது இங்கேதான். பொறியாளர் மதிப்பீடு போடும்போது அரசின் விலைப் பட்டியலில் எது இருக்கிறதோ அதைத்தான் எழுதுவார், இல்லாததை எழுதினால் தொழில்நுட்ப ஒப்புதல் கிடைக்காது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் பூசித் தார் கலக்கும் முறையை 2000-களின் தொடக்கத்திலேயே செய்து காட்டினார், 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அது நாடெங்கும் ஒப்பந்தங்களில் தாராளமாக எழுதக்கூடியதானது, 2013-இல் சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அதற்கென்று வழிகாட்டி நெறி வெளியிட்ட பிறகுதான். பிவிசியைச் சேர்க்கக்கூடாது, பிளாஸ்டிக் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு, களத்தில் அதைப் பார்க்க ஆள் வேண்டும்.

சாம்பல் செங்கலும் அப்படித்தான். நெய்வேலி, மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை என்று அனல் மின் நிலையங்கள் சாம்பலை மலையாகக் குவித்துக்கொண்டிருக்கும்போது, வயல் மண்ணைத் தோண்டிச் சுட்ட செங்கலை மதிப்பீட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டும்.

எங்களுடையது சின்ன ஊராட்சி, அல்லது பள்ளி. டெண்டரெல்லாம் கிடையாது, மூன்று விலைப்புள்ளி வாங்குவதோடு சரி. எங்களால் என்ன முடியும்?

விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் இரண்டு வரி சேர்க்க முடியும். "டியூப்லைட் 20" என்று மட்டும் எழுதாமல், எல்இடி, இத்தனை வாட், இத்தனை லூமன் (வெளிச்சத்தின் அளவு), இரண்டு வருட வாரண்டி என்று எழுதுங்கள். மூன்று கடைக்காரரும் அதற்கே விலை கொடுப்பார்கள். தெருவிளக்குக்கு இது ரொம்பவே முக்கியம், ஊராட்சியின் மின் கட்டணத்தில் பெரும்பகுதி தெருவிளக்கும் குடிநீர் மோட்டாருமாகத்தான் இருக்கும்.

இப்படி நிபந்தனை போட்டால் உள்ளூர்ச் சிறு தொழில்கள் அடிபட்டுப் போகாதா?

போடுகிற விதத்தைப் பொறுத்து, ஆமாம், அடிபடலாம். விலை உயர்ந்த பன்னாட்டுச் சான்றிதழ் கேட்டால் பெரிய கம்பெனி மட்டும்தான் வரும். பொருளைச் சோதித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளும் வகையில் எழுதினால் சிறியவர்களும் வர முடியும். ஒரு வருடம் முன்பே, அடுத்த முறை இந்தத் தரத்தில்தான் கேட்போம் என்று அறிவித்துவிடுவது இன்னும் நியாயம், அவர்களும் இயந்திரத்தை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். கோ-ஆப்டெக்ஸ் கைத்தறித் திரைச்சீலை, சுய உதவிக் குழுத் துணிப்பை, உள்ளூர்ச் சாம்பல் செங்கல் இவையெல்லாம் சிறிய கைகளிலிருந்து வருபவைதான்.

நான் அரசு ஊழியர் இல்லை. வெளியிலிருந்து என்ன செய்யலாம்?

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பொதுவாக "சுற்றுச்சூழலுக்கு என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் ஒரு பத்தி அலங்காரப் பதில் வரும். இந்த டெண்டரின் விவரக்குறிப்பு, ஒப்பீட்டுப் பட்டியல், கழித்த கணினிகளை யாரிடம் கொடுத்தார்கள் என்பதற்கான ரசீது என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். டெண்டர் ஆவணங்களில் நிறைய இணையத்திலேயே கிடைக்கின்றன, மனு போடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக எழுதினோம், சப்ளையர் வேறு சரக்கைக் கொண்டுவந்து இறக்குகிறார். என்ன செய்வது?

எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியைப் பிரித்து ஸ்டார் குறியீட்டின் ஆண்டையும் மாடல் எண்ணையும் ஆர்டரோடு ஒப்பிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற வாட்மீட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, வந்த ஃபேனிலோ விளக்கிலோ நாலைந்தை எடுத்துச் சோதித்து, அளவைக் கோப்பில் எழுதிக் கையெழுத்து போடுங்கள். கூடுதலாக இழுத்தால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பலாம் என்ற நிபந்தனை டெண்டரிலேயே இருக்கட்டும். சோதித்த குறிப்பு இல்லாமல் பில் பாஸ் ஆகாது என்று கணக்குப் பிரிவிடம் எழுத்தில் சொல்லி வையுங்கள். முதல் லாட்டைத் திருப்பி அனுப்பிய அலுவலகத்துக்கு இரண்டாவது முறை தரம் குறைந்த சரக்கை அனுப்ப எந்த சப்ளையரும் யோசிப்பார்.